ஆறாவது சுற்றில் தோற்ற ஆட்டம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 43 வயது. கொரோனா ஊரடங்கில் போனில் செஸ் ஆடத் தொடங்கினேன். குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு ஆசை கூடிப்போய், சென்ற மாதம் ஐந்து நாள் லீவு போட்டு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) கிடைக்கும் போட்டி ஒன்றில் கலந்துகொண்டேன். ஒன்பது சுற்றில் இரண்டரைப் புள்ளி. போனில் 1700 ரேட்டிங்கைத் தொட்டவனுக்கு நேரில் உட்கார்ந்தால் கை நடுங்குகிறது.

ஆறாவது சுற்றில் ஒன்பது வயதுச் சிறுமியிடம் தோற்றேன். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. குதிரையைத் தொட்ட பிறகுதான் அது நகர்ந்தால் யானை போய்விடும் என்று தெரிந்தது. தொட்டதை ஆடித்தானே ஆகவேண்டும். ஆட்டம் முடிந்ததும் அவள், "அங்கிள், அனலைஸ் பண்ணலாமா?" என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இந்த வயதில் எனக்கு இது தேவையா? இன்னொரு கேள்வியும் உண்டு. பெரிய போட்டிகளை நேரலையில் பார்க்கிறேன். யார் கை ஓங்கியிருக்கிறது என்று எஞ்சின், அதாவது செஸ் கணக்கிடும் கம்ப்யூட்டர், போர்டுக்குப் பக்கத்தில் காட்டும் பட்டை நடுவிலேயே நின்றால் சலித்துப்போகிறது. நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

க., விழுப்புரம்

*

அன்புள்ள க.,

முதலில் அந்த இரண்டரைப் புள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆடியது ஸ்விஸ் முறை. எல்லோரையும் ரேட்டிங் வரிசையில் எழுதி, பட்டியலை நடுவில் பிரித்து, மேல்பாதியின் முதல் ஆளை கீழ்பாதியின் முதல் ஆளோடு மோதவிடுவார்கள். ரேட்டிங் இல்லாதவர் கடைசியில் இருப்பார். ஆகவே முதல் சுற்றிலேயே உங்களைவிட மிகவும் பலமான ஒருவர் எதிரே உட்கார்வார். தோற்றால் அடுத்து, தோற்ற இன்னொருவர். அங்கே உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். ஃபிடே பட்டியல் மாதம் ஒருமுறைதான் வருகிறது. 2024 மார்ச்சிலிருந்து 1400-க்குக் கீழே ரேட்டிங்கே கிடையாது. பள்ளி விட்டதும் தினமும் மூன்று மணி நேரம் பயிற்சி செய்யும் பிள்ளையின் பலம் அந்தப் பட்டியலுக்கு எப்போதும் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். உங்களை வென்றது அந்தப் பயிற்சிதான், அவள் வயதை ஏன் பார்க்கிறீர்கள்?

கை நடுங்குவதும் இயல்புதான். போனில் தோற்றால் அடுத்த நிமிடம் இன்னொரு ஆட்டம். இங்கே ஆளுக்குத் தொண்ணூறு நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் முப்பது வினாடி கூடுதல். அறுபது மூவ் போனால் இருவருக்குமாக நான்கு மணி நேரம். போனை வெளியே கொடுத்துவிட்டு, ஒரே ஆட்டத்துக்கு முன்னால் நான்கு மணி நேரம் உட்கார்ந்து கடைசியாக எப்போது இருந்தோம், சொல்லுங்கள். நான் சிறுவனாக ஆடியபோது என் பயிற்சியாளர், மூவை முதலில் ஸ்கோர் ஷீட்டில் எழுது, பேனாவால் மறை, புதிதாக வந்தவன் மாதிரி போர்டைப் பார், அப்புறம் ஆடு என்பார். முன்கூட்டி எழுதுவதை இப்போது விதி அனுமதிப்பதில்லை. அதனால் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். மனதில் முடிவான பிறகே கை மேலே வரட்டும். உங்கள் குதிரைப் பிரச்சினைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தக் குதிரை மூவைவிடப் பெரிய தவறு ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. தலைவலி என்று சொல்லி எழுந்து போனது.

எனக்கு இருபத்திரண்டு வயதில், ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த போட்டியில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் தோற்றேன். அவர் என்னை வராந்தா பெஞ்சுக்கு அழைத்துப்போய், காய்களை அடுக்கி முதலிலிருந்து ஆரம்பித்தார். இருபதாவது மூவில் நிறுத்தி, "இங்கே ராணியை இந்தப் பக்கம் கொண்டுவந்திருந்தால் நான் காலி. பத்து நிமிஷம் அதைத்தான் பயந்துகொண்டிருந்தேன்" என்றார். நான் அந்த மூவைப் பார்க்கவே இல்லை. அந்தப் பத்து நிமிடமும் என் நிலை மோசம், அவர் நிம்மதியாக இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அன்று வீட்டுக்குப் போனபோது தோற்றவன் மாதிரியே இல்லை. எந்த எஞ்சினும் இதைச் சொல்லாது. சரியான மூவை அது காட்டும்; எதிரே இருந்தவர் எதைப் பார்த்துப் பயந்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நேரில் ஆடும் செஸ்ஸை நான் விடாமல் இருப்பதற்கு இதுவே காரணம். அந்தச் சிறுமி உங்களைக் கூப்பிட்டதும் இதற்குத்தான்.

உங்கள் இரண்டாவது கேள்வியும் இங்கேதான் வந்து சேர்கிறது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். குகேஷும் அப்போதைய சாம்பியன் டிங் லிரனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. இருவருக்கும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். பட்டை நடுவில் நின்றது. டிராதான் என்று பலர் எழுந்துபோயிருப்பார்கள். குகேஷ் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு மூவிலும் எதிராளிக்கு ஒரு சின்னத் தொல்லை வைத்துக்கொண்டே இருந்தார். ஐம்பத்தைந்தாவது மூவில் டிங் யானைகளை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். அவருடைய பிஷப்போ மூலையில் இருந்தது. யானைகள் போனால் பிஷப்பையும் மாற்றிக்கொள்ளாமல் தப்பமுடியாது. வெறும் ராஜாவும் சிப்பாய்களும் மிஞ்சினால் கூடுதல் சிப்பாய் ஜெயிக்கும்.

பட்டை சரிந்தது. உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது, குகேஷுக்கு மட்டும் இன்னும் தெரியாது. உடனே தான் கவனிக்கவில்லை என்று அவரே பிறகு சொன்னார். அந்தச் சில வினாடிகளில் அவர் முகத்தைப் பாருங்கள். அந்த ஆட்டத்தில் நான் மறக்காதது அதுதான். அதற்கு முந்தைய மணிக்கணக்கான அழுத்தம் இல்லாமல் அந்த வினாடிகள் வந்திருக்காது. அந்த அழுத்தத்தைப் பட்டை காட்டாது, அந்த நேரம் முழுக்க அது நடுவிலேயேதான் நின்றிருந்தது.

நான் பட்டையை மூடிவிடுகிறேன். பக்கத்தில் ஒரு போர்டு வைத்துக்கொண்டு, அடுத்த மூவ் என்னவாக இருக்கும் என்று யோசிக்கிறேன். பெரும்பாலும் தப்பாகவே வரும், பரவாயில்லை. அப்புறம், எல்லா ஆட்டத்தையும் பார்ப்பதில்லை. ஒரு போட்டிக்கு ஒரு ஆளை எடுத்துக்கொண்டு முதல் சுற்றிலிருந்து கடைசிவரை தொடர்வேன். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் அது பதினாறு வயது குகேஷ். முதல் எட்டு ஆட்டமும் வெற்றி, ஒன்பதாவது டிரா. பத்தாவதில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தரோவை ஜெயிக்கவேண்டிய நிலையிலிருந்து தோற்றார். அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் பார்த்தவருக்கு அது ஒரு தவறு. பத்துச் சுற்றும் கூடவே வந்தவனுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் அந்தப் பையன் வந்து உட்கார்ந்து ஜெர்மனியின் கெய்மரோடு டிரா செய்தார். அவர் ஆடிய இந்தியாவின் இரண்டாவது அணிக்கு வெண்கலம் கிடைத்தது.

2024-இல், உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் டொராண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியில், ஏழாவது சுற்றில் குகேஷ் பிரான்ஸின் ஃபிரூஜாவிடம் தோற்றார். இந்தப் போட்டி தனக்கானதாக இருக்கலாம் என்று தோன்றியது அந்தத் தோல்விக்குப் பிறகுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்களை அவரோடு ஒப்பிடச் சொல்லவில்லை. தோற்ற ஆட்டத்தைவிட்டு ஓடாதவருக்கு அதிலிருந்து ஏதோ கிடைக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

தேவையா என்று கேட்டீர்கள். தேவை. அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுங்கள். உங்கள் பக்கத்து மாவட்டங்களில் நடக்கும் போட்டிகளுக்கு அந்தச் சிறுமியும் வருவாள், அதே பிள்ளைகள்தான் சுற்றிச்சுற்றி வருவார்கள். ஆறாவது சுற்று ஸ்கோர் ஷீட்டின் நகல் உங்களிடம் இருக்கும். பையில் போட்டுக்கொண்டு போங்கள். அவளைப் பார்த்தால் அவள் அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அந்தக் குதிரையைத் தொடுவதற்கு முன்பு அவள் எதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள் என்று அவளிடமே கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.