தீபாவளிக்குள் 20 கிலோ குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 43. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கையுறைத் தொழிற்சாலையில் 12 மணி நேர வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. உயரம் 157 செ.மீ., எடை 78 கிலோ. கிளினிக்கில் எச்பிஏ1சி (மூன்று மாத இரத்தச் சர்க்கரைச் சராசரி) 6.1 என்றார்கள். தீபாவளிக்குள் 20 கிலோ குறைக்கலாம் என்று நடக்க ஆரம்பிப்பேன்; இரவு ஷிப்டு வந்ததும் நின்றுவிடும். முட்டி வலி, தெருநாய் பயம் வேறு. கொஞ்சம் வேகமாக நடந்தாலே மூச்சு வாங்குகிறது. எனக்கு மன உறுதி இல்லை என்கிறார் வீட்டுக்காரர். கூட வேலை செய்யும் தோழி ஸ்லிம்மிங் காப்பி தருகிறாள். குடிக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. பதிவில்லாத இத்தகைய காப்பிகளிலும் மாத்திரைகளிலும் சிபுட்ரமின் கலந்திருப்பதை நம் மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010லேயே அமெரிக்காவும் ஐரோப்பாவும் விலக்கிய மருந்து அது. பசி அடங்கும், கூடவே இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறும்.

12 மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்து குடும்பத்தையும் பார்க்கிறவருக்கு மன உறுதி இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நீங்கள் போட்ட திட்டம் பகல் ஷிப்டுக்கானது. அதனால்தான் இரவு வாரத்தில் படுத்துவிடுகிறது. மாற்றிப் போடுங்கள்: இரவு வாரத்தில் எது முடியுமோ அதுவே உங்கள் திட்டம். பகல் வாரத்தில் கூடுதலாக முடிந்தால் லாபம்.

20 கிலோவை மறந்துவிடுங்கள். நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின்படி எச்பிஏ1சி 6.3 வந்தால் நீரிழிவு. நீங்கள் வாசற்படியில் நிற்கிறீர்கள். 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் இதே நிலையில் இருந்தவர்களுக்கு இரண்டே இலக்குகள்: எடையில் 7 சதவீதம் குறைவது, வாரம் 150 நிமிடம் நடப்பது. சுமார் மூன்று ஆண்டுகளில் அவர்களிடையே நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் கணக்கில் 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ. ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தீபாவளி எங்கே போய்விடப் போகிறது?

இரவு ஷிப்டில் ஆளைக் கவிழ்ப்பது நடுச்சாமச் சாப்பாடுதான். இரண்டு மணிக்கு கேண்டீனில் நாசி கோரெங், தூக்கம் கலைய ஒரு தே தாரிக். அந்த ஒரு கிளாஸில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால் என்றால் சர்க்கரை மட்டும் 20 கிராம் வரும். நான்கு கிளாஸ் குடித்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பஸ் ஏறும் முன் வீட்டிலேயே ஒழுங்காகச் சாப்பிடுங்கள்: தட்டில் பாதி கீரை காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ தெம்பேயோ (புளிக்கவைத்த சோயா). கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் ‘சூக்கு சூக்கு செப்பாரோ’ (கால், கால், பாதி) இதுதான். நடுச்சாமத்துக்கு இரண்டு அவித்த முட்டை, ஒரு கொய்யா, அவித்த கொண்டைக்கடலை டப்பாவில் போகட்டும். குடிக்க தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் போடாத தேநீர்), அதுவும் மூன்று மணிக்கு முன்பே. இல்லாவிட்டால் காலையில் தூக்கம் வராது. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும். படுக்கும் அறை சன்னலில் கனத்த துணி போட்டு இருட்டாக்குங்கள்.

நடையைத் தோட்டத்துச் சாலையில் வைக்காதீர்கள். நாய் ஒருபுறம், செம்பனை லாரி ஒருபுறம். ஓய்வு நேரத்தில் சாப்பிட்டதும் தொழிற்சாலைத் தாழ்வாரத்தில் பத்து நிமிடம் நடந்தால் போதும். சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையை அது தட்டிவிடும். ஷிப்டுக்கு இரண்டு முறை என்று சேர்த்தாலே 150இல் பெரும்பகுதி வந்துவிடும்.

முட்டிக்கு ஓய்வு மட்டும் மருந்தல்ல. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். தொடைத் தசை வலுத்தால் முட்டி வலி குறையும். எடையில் ஒரு கிலோ இறங்கினால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ இறங்கும்.

வீட்டுக்காரரின் இடுப்பையும் ஒருமுறை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80க்குள் இருக்க வேண்டும். தாண்டியிருந்தால், விடுமுறை நாளில் கையில் ஒரு குச்சியோடு உங்களுக்குத் துணையாக அவரும் நடக்கட்டும்.

மூச்சு வாங்குவதை எடையின் தலையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மாதவிலக்கு அதிகமாகப் போகிறதென்றால் இரத்தசோகை இருக்கலாம். தைராய்டு குறைவும் உடம்பைத் தளர்த்தும். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) இரண்டையும் கேட்டுப் பரிசோதியுங்கள். எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ வந்தால் ஷிப்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.