பத்து ஆண்டு ஓடிய ஸ்டேஷன் வேகனை, நீடித்து உழைக்கும் என்று நம்பி வாங்கலாமா?

கேள்வியில் உள்ள வண்டி பத்து வயதான, 1,60,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வேகன், அதாவது கூரை டிக்கியின் முடிவு வரை நீண்டு, பின்னால் கதவு வைத்த கார். குடும்பத்துக்கும் சாமானுக்கும் இடம் வேண்டும், அடிக்கடி ஒர்க் ஷாப் வாசலில் நிற்கக் கூடாது. இவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

வாங்கலாம். ஆனால் வேகன் என்ற ஒரே காரணத்துக்காக வாங்க வேண்டாம். ஒரு வேகனுக்கும் அதே மாடல் செடானுக்கும் இன்ஜின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன், பெரும்பாலான வயரிங் எல்லாம் ஒன்றுதான். பின் இருக்கையைத் தாண்டித்தான் வித்தியாசமே ஆரம்பிக்கிறது. அதனால் முதலில் எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், யார் எப்படிப் பராமரித்தார்கள் என்று பாருங்கள். அது தேறினால் மட்டும் வேகனுக்கே உரிய பின்பாதியைச் சோதியுங்கள். இந்த வரிசையை மாற்றினால், டிக்கியின் விசாலத்தில் மனம் லயித்துவிடும். அதன்பிறகு இன்ஜினில் தெரியும் குறை எல்லாம் சின்னதாகவே படும்.

இன்ஜினில் முதல் கேள்வி: வால்வுகளையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா? பெல்ட் என்றால் அதற்கு கிலோமீட்டர் கெடு, வருடக் கெடு என்று இரண்டு உண்டு. எது முதலில் வருகிறதோ அதில் மாற்ற வேண்டும். வண்டி குறைவாகத்தான் ஓடியது என்பது பதில் ஆகாது, ரப்பர் நின்றாலும் கெடும். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். பழைய வண்டியில் அந்தச் செலவு சில சமயம் வண்டியின் மதிப்பையே தொட்டுவிடும். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிநடத்தும் உருளையான ஐட்லர், வாட்டர் பம்ப் நான்கும் சேர்த்து மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையில் கழியுங்கள்.

செயின் என்றதும் நிம்மதி அடைந்துவிட முடியாது. பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினில், குறிப்பாக 2007 முதல் 2011 வரையிலான வண்டிகளில், செயின் தேய்மானம் எல்லோரும் அறிந்த குறை. அந்தச் செயின் கியர்பாக்ஸ் பக்கமாக, இன்ஜினின் பின்புறத்தில் இருக்கிறது. அதைத் தொடுவதே பெரிய வேலை. இன்னொரு ரகம், ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட். ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட், பெஜோ, சிட்ரோன் வண்டிகளில் வரும் 1.2 லிட்டர் ப்யூர்டெக் ஆகியவற்றின் பல ஆண்டு மாடல்களில் இதுதான். பெல்ட்டின் ரப்பர் உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும், ஆயில் அழுத்தம் விழும். தவறான ஆயில் ஊற்றினால் இன்னும் சீக்கிரம். இந்த இன்ஜின்களில் ஆயில் மாற்றிய ஒவ்வொரு பில்லும் கையில் இருந்தால் ஒழிய தொட வேண்டாம்.

சுபாரு அவுட்பேக், லெகசி வேகன்களின் பழைய ஈஜே25 இன்ஜின் என்றால் ஹெட் கேஸ்கட் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். இன்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஆயிலும் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் கசியாமல் அடைக்கும் தகடு அது. இன்ஜின் சூடாக இருக்கும்போது அடியில் குனிந்து, ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் ஆயிலோ கூலன்ட்டோ கசிந்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எந்த பெட்ரோல் இன்ஜினாக இருந்தாலும் ஹெட் கேஸ்கட்டில் சந்தேகம் வந்தால் ஒரு மலிவான சோதனை உண்டு. கூலன்ட் தொட்டியின் வாயில் நீல நிற ரசாயனத் திரவக் குழாயை வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, தொட்டிக்குள் இருக்கும் காற்றை அதன் வழியாக இழுக்க வேண்டும். நீலம் மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் “ஆயுள் முழுக்க ஆயில் மாற்றத் தேவையில்லை” என்ற பேச்சை நம்ப வேண்டாம். பல கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு ஆண்டில், ஆயிலை மாற்றச் சொல்கிறது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வேகன்களின் டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில், கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் ஆறு கியர் ஈரக் கிளட்ச் ரகத்துக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை. ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜியில் கியரை மாற்றும் மெக்கட்ரானிக் என்ற கட்டுப்பாட்டுப் பகுதியும் கிளட்ச்சும்தான் தொல்லை. மெதுவாக நகரும்போது நடுக்கம் தெரிந்தால் விலகிவிடுங்கள். 1,60,000 கி.மீ. ஓடிய ஆட்டோமேட்டிக்கில் ஒருமுறைகூட ஆயில் மாற்றிய சான்று இல்லை என்றால், இன்று நன்றாக மாறும் கியர் அடுத்த ஆண்டும் அப்படியே மாறும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

நீடித்த உழைப்பு மட்டுமே நோக்கம் என்றால் என் முதல் தேர்வு, டொயோட்டாவின் 1.8 லிட்டர் ஹைப்ரிட் வைத்த வேகன்கள்: ஆரிஸ் டூரிங் ஸ்போர்ட்ஸ், அதன்பின் வந்த கொரோலா டூரிங் ஸ்போர்ட்ஸ். அதில் தனி ஸ்டார்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, தேயும் கிளட்ச் இல்லை. கெட்டுப்போகும் பாகங்களே குறைவு. ஆனாலும் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, பேட்டரியைக் குளிர்விக்கும் மின்விசிறியின் காற்று நுழைவாய் பின் இருக்கைப் பக்கம் இருக்கிறது. நாய் ஏற்றிய வண்டியில் முடியும் தூசியும் அதை அடைத்து பேட்டரியைச் சூடாக்கும், அதனால் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு, பழைய தலைமுறையில், புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் கூலர் கரி பிடித்து அடையும். குளிர்ந்த இன்ஜின் உயிர்பெறும்போது சில நொடி உலுக்கினால் அதைச் சந்தேகிக்கலாம்.

டீசல் வேகன் ஒன்றும் விலைக்கு வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: முந்தைய உரிமையாளர் தினமும் எவ்வளவு தூரம் ஓட்டினார்? ஐந்தாறு கிலோமீட்டர் ஓடி அணைக்கும் வாழ்க்கையில் புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டிக்குத் தன்னைச் சுத்தம் செய்யும் சூடு வராது. கரி சேரும், எரியாத டீசல் ஆயிலில் இறங்கும், டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறும். ஆயில் மட்டம் குறைவது மட்டுமல்ல, ஏறுவதும் நோய்தான். நெடுஞ்சாலையில் 2,50,000 கி.மீ. ஓடிய டீசல், நகருக்குள் 90,000 கி.மீ. ஊர்ந்த டீசலைவிட நல்ல நிலையில் இருப்பது சாதாரணம்.

இனி பின்பாதி. வேகன் தன் வரலாற்றை மறைக்க முடியாத இடம் இது.

டிக்கியின் தரை விரிப்பைத் தூக்குங்கள், ஸ்டெப்னியையும் எடுத்துவிடுங்கள். அந்தக் குழியில் ஈரம், துரு, பூஞ்சை வாசம் இருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ இறங்குகிறது. வழிகள் பல: கூரை ரெயில் பொருத்திய இடத்து சீல், பின்விளக்கு கேஸ்கட், பம்பருக்குப் பின்னால் உள்ள காற்றுத் துவாரம், பெரிய கண்ணாடிக் கூரையின் வடிகால் குழாய். பின் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாயை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அது முன்னாலிருந்து கூரை வழியாகப் பின்கதவு வரை வருகிறது. நடுவில் இணைப்பு கழன்றால் ஒவ்வொருமுறை பொத்தானை அழுத்தும்போதும் தண்ணீர் உள்புறத் தூணுக்குள்தான் இறங்கும். பத்து நொடி அழுத்திப் பாருங்கள். மோட்டார் சத்தம் கேட்டும் கண்ணாடியில் தண்ணீர் வரவில்லை என்றால், குழாய் அடைத்திருக்கிறது அல்லது உள்ளே கசிகிறது. சில மாடல்களில் ஸ்டெப்னிக் குழியிலும் பக்கவாட்டு அறையிலும் எலெக்ட்ரானிக் மாட்யூல்கள் இருக்கும். பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் டூரிங் இ61 அதற்குப் பேர்போனது. அங்கே தண்ணீர் தேங்கினால் தொடர்பே இல்லாத கோளாறுகள் டாஷ்போர்டில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும்.

அதே குழியின் தகட்டையும் பாருங்கள். கம்பெனி வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் இருக்கும். தகடு அலை அலையாக இருந்தால், ஒரு பக்க சீலன்ட் புதிதாகத் தெரிந்தால், பின்கதவுக்கும் உடலுக்கும் இடைவெளி இருபுறமும் ஒத்துப்போகாவிட்டால், வண்டி பின்னால் இடி வாங்கியிருக்கிறது.

பின்கதவு வயரிங் அடுத்தது. கூரைக்கும் கதவுக்கும் நடுவே உள்ள ரப்பர் உறைக்குள் வயர்கள், கதவைத் திறக்கும்போதெல்லாம் மடங்கி மடங்கி உள்ளே செம்பு அறுந்துபோகும். கதவை மெல்ல ஏற்றி இறக்கிக்கொண்டே நம்பர் பிளேட் விளக்கு, பின் வைப்பர், லாக், கண்ணாடி ஹீட்டர் எல்லாம் வேலை செய்கிறதா பாருங்கள். ஒரு கோணத்தில் எரிந்து இன்னொரு கோணத்தில் அணைந்தால் வயர்தான் காரணம். இதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம், வளையக்கூடிய சிலிக்கோன் உறை வயரில், இணைப்புகள் ஒரே இடத்தில் விழாமல் தள்ளித் தள்ளி வைத்துப் பழுது பார்த்தால் நீடிக்கும். வெறும் டேப் சுற்றினால் சில மாதத்தில் மறுபடி அறுந்துவிடும். கதவைத் தாங்கும் வாயு ஸ்ட்ரட் தளர்ந்திருந்தால் ஜோடியாக மாற்றிக்கொள்ளலாம், சின்ன வேலை.

பெரிய செலவு பின் சஸ்பென்ஷனில் ஒளிந்திருக்கும். சாமான் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல் இருக்கப் பல வேகன்களில் தானே உயரம் சரிசெய்யும் அமைப்பு உண்டு. மெர்சிடிஸ் இ கிளாஸ் வேகன்களிலும் இ61லும் காற்று அடைத்த ஏர் ஸ்பிரிங். வோல்வோ வேகன்கள் பலவற்றில் நிவோமட் என்ற ஷாக் அப்சார்பர். ஏர் ஸ்பிரிங் என்றால் வண்டியை இரவு முழுக்க நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் கசிவு. கசியும் ஸ்பிரிங்கை ஈடுகட்ட கம்ப்ரசர் விடாமல் ஓடி அதுவும் எரியும், ஆக ஒரு பழுது இரண்டாகும். நிவோமட் வண்டி ஓடும்போது ஏற்படும் அசைவிலிருந்தே தன்னை ஏற்றிக்கொள்ளும். பின்னால் பாரம் வைத்து மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டியும் பின்பக்கம் எழாவிட்டால் அது போய்விட்டது. அதன் விலை சாதாரண ஷாக் அப்சார்பரைப் போலப் பல மடங்கு.

டிரெய்லர் கொக்கி இருந்தால் பயப்பட வேண்டாம், விசாரியுங்கள். கனமாக இழுத்த வண்டியில் கியர்பாக்ஸ் ஆயில் கறுத்து எரிந்த வாசம் அடிக்கும், பின் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் நைந்திருக்கும். நாலு சக்கர இயக்கம் உள்ள வேகனில் நான்கு டயரும் ஒரே ரகமாக, ஒரே அளவு பட்டனோடு (சாலையைப் பிடிக்கும் வரிகளின் ஆழத்தோடு) இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிது என்றால் சக்கரச் சுற்றளவு மாறி முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் நடு கிளட்ச் ஓயாமல் உரசும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடித்தால், கெட்டுப்போன அமைப்பு திக்கித் திக்கி இழுக்கும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். நீங்கள் போகும்போது பானட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் போங்கள். குளிர் ஸ்டார்ட்டில்தான் செயின் சத்தமும் நீலப் புகையும் வெளிப்படும். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், நெடுஞ்சாலை வேகமும் நெரிசலும் இரண்டும் வர வேண்டும். பின்னாலிருந்து ‘ஊ’ என்ற ஓசை வந்தால் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக அசையுங்கள். ஓசை கூடிக் குறைந்தால் வீல் பேரிங், மாறாமலிருந்தால் பெரும்பாலும் டயர். வேகனில் டிக்கிக்கும் உள்ளறைக்கும் நடுவே தடுப்பு இல்லாததால் பின் சத்தம் இயல்பாகவே கூடுதலாகக் கேட்கும், அதைக் கணக்கில் வையுங்கள்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டினால் பிழைக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். குறியீட்டை அழித்தபின் எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது, வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் மானிட்டர்கள் ‘ரெடி’ நிலையில் உள்ளனவா என்பதைப் பாருங்கள். ‘பிழை ஏதுமில்லை’ என்று காட்டி, அழித்து 12 கி.மீ.தான் ஆகியிருந்து, மானிட்டர்கள் பாதி முடியாமல் இருந்தால், நீங்கள் வருவதற்காக யாரோ துடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி கழற்றினாலும் அப்படிக் காட்டலாம், ஆகவே காரணத்தைக் கேட்டு, சில நாள் ஓட்டியபின் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டிக்கு வருவோம். பத்து ஆண்டில் 1,60,000 கி.மீ. என்பது ஆண்டுக்கு 16,000. பயப்படத் தேவையில்லாத ஓட்டம். ஆயில் மாற்றிய பில்கள் வரிசையாக இருந்து, கியர்பாக்ஸ் ஆயில் ஒருமுறையாவது மாறியிருந்து, ஸ்டெப்னிக் குழி உலர்ந்திருந்து, காலையில் பின்பக்கம் தாழாமல் நின்றால் வாங்குங்கள். இதில் கியர்பாக்ஸ் ஆயில் பில் ஒன்று மட்டும் இல்லை, ஆனால் கியர் சுத்தமாக மாறுகிறது என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம். கூலன்ட்டில் எரிந்த வாயு, குளிர் ஸ்டார்ட்டில் செயின் சத்தம், கியர் வழுக்கல், வண்டியின் அடிச்சட்டத்தில் ஓட்டை விழுந்த துரு ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் எந்த விலைக்கும் வேண்டாம்.

வாங்கும் விலையில் 15 முதல் 20 சதவீதத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். முதல் மாதத்திலேயே இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், சான்று இல்லாவிட்டால் டைமிங் பெல்ட் செட், ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலை மெஷின் அழுத்தத்தில் தள்ளிக் கழுவச் சொல்லாமல், வடித்து, ஃபில்டரை மாற்றி, கம்பெனி சொன்ன ரக ஆயிலையே ஊற்றச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1816 என்றால் 2016ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் வார்த்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பத்து வயது டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.