கடைசல் உளி வாங்கும்போது

கேள்வி: சிறிய மரக்கடைசல் லேத் ஒன்று வாங்கியிருக்கிறேன். கிண்ணங்கள் கடையக் குழி உளி வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் எஃகைப் பாருங்கள். கார்பன் எஃகு உளி சாணைச் சக்கரத்தில் சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விடும். எம்2 வகை ஹைஸ்பீடு ஸ்டீலோ ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் வரை கடினத்தை இழக்காது என்பதால், தீட்டப் பழகிவரும் உங்களுக்கு அதுவே தக்கது. அடுத்து, உளியின் பள்ளத்தை வெளிச்சத்தில் பிடித்து நோக்குங்கள். அங்கே அரைத்த வரிகள் தெரிந்தால், எவ்வளவு தீட்டினாலும் அவை வெட்டு விளிம்பில் நுண்பற்களாகவே வந்து நிற்கும். வழவழப்பான பள்ளத்துக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது வீணல்ல.

பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பள்ளத்தின் அகலத்தையும், அமெரிக்கர்கள் தண்டின் விட்டத்தையும் அளவாகக் குறிப்பதால், முன்னவரின் 3/8 அங்குல உளி பின்னவருக்கு 1/2 அங்குலமாகும். எனவே தண்டின் விட்டத்தைக் கேட்டே வாங்குங்கள். சிறிய கிண்ணங்களுக்கு அரை அங்குலம் போதும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: சதுரக் கட்டையை உருளையாக்க உதவும் அகன்ற குழி உளியைக் கிண்ணத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். கைப்பிடிக்குள் செல்லும் அதன் மெல்லிய வால், மரம் உளியைக் கவ்வி இழுக்கும் வேகத்தில் முறிந்து உங்கள் மீதே பாயக்கூடும்.