யாருடைய நாடி?

அன்புள்ள ஐயா,

பருவநிலைக் கொள்கைகளில் அரசியல்வாதிகள் பின்வாங்குவதைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். அவர்கள் மக்களின் நாடி பிடித்துத்தானே நடக்கிறார்கள்? பிரான்சில் 2018இல் எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் அங்கிப் போராட்டம் வெடித்தது. லண்டனில் பழைய வாகனங்களுக்கான கட்டணம் 2023இல் ஓர் இடைத்தேர்தலையே தீர்மானித்தது. மக்களுக்கு வேண்டாததை யார் செய்ய முடியும்?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

யாருடைய கையைப் பிடித்து நாடி பார்க்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நீங்கள் சொல்லும் இடைத்தேர்தல் நடந்த, லண்டனின் அக்ஸ்பிரிட்ஜ் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். 2019இல் போரிஸ் ஜான்சன் அங்கே 7,210 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2023 ஜூலை இடைத்தேர்தலில் அவருடைய கட்சியான, அப்போது ஆட்சியிலிருந்த கன்சர்வேட்டிவ் கட்சிக்குக் கிடைத்த வித்தியாசம் 495. மயிரிழையில் தப்பிய அந்த வெற்றியைப் போய், பசுமைக் கொள்கைகளுக்கு எதிரான மக்கள் தீர்ப்பு என்று அரசியல்வாதிகள் எடுத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் அந்தக் கட்டணம் காற்று மாசைக் குறைக்க வந்தது, பருவநிலைக்காக அல்ல. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த லேபர் கட்சியின் தலைவர் ஸ்டார்மரும், அந்தக் கட்டணம் பற்றித் தன் கட்சிக்காரரான லண்டன் மேயரை யோசித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டே மாதத்தில் பிரதமர் ரிஷி சுனக், புதிய பெட்ரோல், டீசல் கார் விற்பனைக்கான தடையை 2030இலிருந்து 2035க்குத் தள்ளிவைத்தார். கார் தயாரிக்கும் ஃபோர்டு நிறுவனமே அதை வெளிப்படையாக விமர்சித்தது. கட்டணத்தை விடாப்பிடியாக லண்டன் முழுவதும் விரிவுபடுத்திய மேயர் சாதிக் கானோ 2024 மே மாதம் முன்பைவிடக் கூடுதல் வித்தியாசத்தில் மூன்றாவது முறை வென்றார். ஜூலையில் அக்ஸ்பிரிட்ஜும் லேபர் கட்சியிடம் போனது.

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மூத்த உதவியாளர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. கார்பன் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்த உங்கள் தொகுதியில் எவ்வளவு ஆதரவு என்று கேட்டதற்கு, பெரும்பாலோர் உண்மையைவிடக் குறைத்தே சொன்னார்கள். தொழில் நிறுவனங்களின் ஆட்களோடு அதிகம் பழகியவர்களிடம் பிசகும் அதிகம். அலுவலகப் படியேறி வருபவர் சொல்வதே ஊர்ப் பேச்சாகிவிடுகிறது. ஆதரிப்பவர் மனு எழுதிக்கொண்டு வருவதில்லை.

பிரான்சின் கோபம் நியாயமானது. பெரும் பணக்காரர்கள் மீதான செல்வ வரியை எடுத்துவிட்ட அதே அரசு, காரை விட்டால் வேறு போக்கில்லாத ஊர்க்காரர்களிடம் எரிபொருள் வரியைக் கூட்டிக் கேட்டது. செல்வ வரியைத் திரும்பக் கொண்டுவா என்பது அந்தப் போராட்டத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. பிறகு 150 சாதாரணக் குடிமக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பருவநிலைக்கு என்ன செய்யலாம் என்று அரசே கேட்டது. 2020இல் அவர்கள் 149 பரிந்துரைகளைக் கொடுத்தார்கள். ஒரு கோடி யூரோவுக்கு மேல் ஈவுத்தொகை வழங்கும் நிறுவனங்களிடம் 4 சதவீதம் வாங்கி இந்த வேலைகளுக்குச் செலவிடுங்கள் என்பது அவற்றில் ஒன்று. அதை முடியாது என்று தள்ளியவர் அதிபர் மக்ரோன்.