குட்டி டிரைவ்-இன் தியேட்டர்: வாங்கியவர்களும் ஏமாந்தவர்களும்

மாடல் ரயில் லேஅவுட்டில் (பலகை மேல் கட்டிய குட்டி ரயில் உலகம்) நிஜமாகவே படம் ஓடும் டிரைவ்-இன் தியேட்டர், அதாவது காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் தியேட்டர், ஒன்றை வைத்தது பற்றியும், அதற்காக ஒரு புரொஜெக்டர் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டது பற்றியும் முன்பு நாலு வரி எழுதியிருந்தேன். அதையொட்டிக் கடிதங்கள் குவிந்துவிட்டன. எப்படிக் கட்டுவது என்று கேட்டவர்கள் குறைவு. வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள்தான் அதிகம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என்னுடையது எச்ஓ லேஅவுட். திரைக்கு எத்தனை அங்குல டிஸ்ப்ளே வாங்கலாம்? 3.5, 5, 7, 10 என்று எல்லா அளவிலும் கிடைக்கிறது.

கடைப் பக்கத்தை மூடிவிட்டுக் கால்குலேட்டரை எடுங்கள். எச்ஓ என்பது 1:87 ஸ்கேல், நிஜத்தை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கியது. அகலத்திரை வகையில் 7 அங்குல டிஸ்ப்ளேயின் படம் தெரியும் பகுதி சுமார் 155 மி.மீ. அகலம் இருக்கும். அதை 87-ஆல் பெருக்கினால் பதின்மூன்றரை மீட்டர், அதாவது 44 அடி. சின்ன ஊர் டிரைவ்-இன்னுக்குச் சரியான அளவு. 10.1 அங்குலம் 64 அடி வரும், கொஞ்சம் வசதியான தியேட்டர். 3.5 அங்குலம் எச்ஓவில் 21 அடிதான், பள்ளிக்கூட ஹாலில் மாட்டுகிற திரை. 'N' என்ற இன்னும் சின்ன ஸ்கேல்காரர்களுக்கு (1:160) 5 அங்குலமே 58 அடி ஆகிவிடும், அதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம்.

திரையை முடிவு செய்வதற்கு முன் மைதானத்தை அளந்துவிடுங்கள். நிஜ டிரைவ்-இன்னில் ஒரு கார் வரிசைக்கும் அடுத்ததற்கும் சுமார் 40 அடி இடைவெளி உண்டு. எச்ஓவில் அது 14 செ.மீ. ஐந்து வரிசை வைத்தால் 70 செ.மீ. பலகை போய்விடும். மூன்று வரிசையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்புறம் அந்த மேடு. 1933 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில், கேம்டன் அருகே ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் முதல் டிரைவ்-இன்னைத் திறந்தார். அவர் காப்புரிமை வாங்கிய அமைப்பின் உயிரே வரிசைக்கு வரிசை போட்ட மண்மேடுதான். முன்சக்கரம் மேலே ஏறி நின்றால், முன்னால் நிற்கும் காரின் கூரைக்கு மேலாகப் படம் தெரியும். மேடு இல்லாமல் கார்களைத் தட்டையாக அடுக்கினால் அது வெறும் பார்க்கிங். மேட்டுக்கு அட்டையும் பிளாஸ்டரும் போதும். அதையும் ஒரு 'செட்' என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள்.

கேள்வி: டிரைவ்-இன்னை நிரப்ப 40 பொம்மைக் கார்களை மொத்தமாக வாங்கினேன். ஆட்களை பக்கத்தில் நிறுத்தினால் ஜன்னல் அவர்கள் தலைக்கு மேலே போகிறது. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்.

ஏன் எடுக்க வேண்டும்? சின்ன உலோகக் கார்கள் பெரும்பாலும் 1:64-ஐ ஒட்டியவை, பல கார்களின் அடியில் அது அச்சாகியே இருக்கும். இன்னும் சில எந்த ஸ்கேலும் இல்லாமல் பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி சுருக்கியவை. 18 அடி நீளக் கார் எச்ஓவில் 63 மி.மீ., 1:64-இல் 86 மி.மீ. ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு 39-ஐ வாங்கியிருக்கலாம். பார்வையாளர் நிற்கும் விளிம்பை ஒட்டி மூன்றை நிறுத்துங்கள். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரிவது இயல்பு, கண் மன்னித்துவிடும். மீதி 37-க்கு என்னிடம் யோசனை இல்லை.

கேள்வி: '1:87 ஆட்கள், 100 எண்ணிக்கை' என்று போட்டிருந்தார்கள். வந்தவை ஒவ்வொன்றும் ஒரு உயரம். நான் தான் சரியாகப் பார்க்கவில்லையா?

இல்லை, நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள். அவர்கள்தான் சரியாக எழுதவில்லை. 1.75 மீட்டர் ஆள் எச்ஓவில் 20 மி.மீ. இருக்க வேண்டும். 17.5 வந்தால் அது 1:100, கட்டட மாதிரிகளுக்கான பொம்மை. 23 வந்தால் 1:76-ஐ ஒட்டிய ஓஓ என்ற வேறு ஸ்கேல். ஐந்தாறு பொம்மைகளை ரூலர் மேல் படுக்கவைத்து, மி.மீ. கோடு தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். "விவரத்தில் சொன்ன அளவு இல்லை" என்ற ஒரே வரியோடு அனுப்புங்கள். "தரம் சரியில்லை" என்று எழுதினால் இழுத்தடிப்பார்கள். அளவு பொய் என்று போட்டோவோடு வந்தால் வாதாட இடம் குறைவு. பணம் திரும்பி, பொம்மையும் உங்களிடமே இருந்துவிட்டால் இடுப்புக்குக் கீழே வெட்டிக் காருக்குள் உட்காரவையுங்கள். உள்ளே இருப்பவர் உயரத்தை யாரும் அளக்கப்போவதில்லை.

கேள்வி: '1080பி ஆதரவு' என்று போட்ட 7 அங்குல டிஸ்ப்ளே வாங்கினேன். எழுத்துகள் கசங்கித் தெரிகின்றன. உள்ளே நோண்டிப் பார்த்தால் 800×480 என்று வருகிறது. குறைபாடுள்ள பொருளா?

பொருளில் குறை இல்லை, அந்த வார்த்தையில்தான் குறை. 'ஆதரவு', 'ஆதரிக்கும்'. இந்த ஒரு வினைச்சொல்லை நம்பி நான் இழந்த பணத்தில் இன்னொரு எஞ்சின் வாங்கியிருப்பேன். அதற்கு அர்த்தம் இதுதான்: 1080பி சிக்னலை அனுப்பினால் பெட்டி வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டு, தன்னிடம் இருக்கும் 800×480 புள்ளிகளுக்குள் நசுக்கிக் காட்டும். 1920×1080 என்பது 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள், 800×480 என்பது நாலு லட்சம்கூட இல்லை. ஐந்து பேர் வருவார்கள் என்று சொல்லி ஒருவரை அனுப்பிவைப்பது மாதிரி. சொல்லளவில் பொய் இல்லை, ஏமாற்று மட்டும் உண்டு. தேட வேண்டிய சொல் 'நேட்டிவ் ரெசல்யூஷன்', அதாவது திரையில் நிஜமாகவே இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை. அது எங்குமே இல்லையென்றால், சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புரொஜெக்டர் பெட்டிகளில் இதே வித்தை இரண்டு மடங்கு. ரெசல்யூஷனிலும் விளையாடுவார்கள், வெளிச்சத்திலும் விளையாடுவார்கள். 'ஆன்சி லூமென்' என்று இருந்தால் திரையில் விழும் வெளிச்சத்தை ஒரு முறைப்படி அளந்தது. வெறும் 'லூமென்' என்று ஆயிரக்கணக்கில் இருந்தால் விளக்கின் கணக்கு, சில சமயம் கற்பனையின் கணக்கு. என் புரொஜெக்டர் 'ஃபுல் எச்டி ஆதரவு' வகையறா, உள்ளே 854×480. அதைக்கூட விட்டுவிட்டேன். அரை மீட்டருக்குக் கிட்டே அதற்கு ஃபோகஸ் ஆகாது என்பதுதான் கழுத்தை அறுத்தது. என் திரை 15 செ.மீ. அகலம். படம் தெளிவாக விழ வேண்டுமென்றால் புரொஜெக்டரை ஸ்டேஷன் கூரைக்குப் பின்னால்தான் வைக்க முடிந்தது. நடுவில் மெயின் லைன். சரக்கு ரயில் போகும்போதெல்லாம் பெட்டி பெட்டியாக நிழல் கதாநாயகன் முகத்தில் ஏறி இறங்கியது. குழந்தைகளுக்கு மட்டும் அது மிகவும் பிடித்திருந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முக்கால் மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் 15 செ.மீ. படத்துக்கு 800×480 தாராளம். வைத்துக்கொள்ளுங்கள். விற்றவரிடம் கோபத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேரே நின்றால் படம் அருமை. குனிந்து பார்த்தால் நெகட்டிவ் ஃபிலிம் மாதிரி நிறம் மாறுகிறது. மாற்றிக் கேட்கலாமா?

உங்களுடையது டிஎன் (TN) என்ற மலிவு வகைப் பேனல். அதன் இயல்பே அது, குறை என்று மாற்ற மாட்டார்கள். நிறம் தலைகீழாகும் கோணம் பெரும்பாலும் ஒரு பக்கம்தான். டிஸ்ப்ளேயைத் தலைகீழாக மாட்டிவிட்டு, பிளேயரில் படத்தை 180 டிகிரி திருப்புங்கள். கெட்ட பக்கம் மேலே போய்விடும், நல்ல பக்கம் குழந்தைகளுக்குக் கிடைக்கும். அடுத்த முறை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் (IPS) பேனல் வாங்குங்கள்.

கேள்வி: படம் ஓட்டும் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டுக்கு மினி எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன், நுழையவில்லை.

அதில் இருப்பது மைக்ரோ. போர்டின் விவரத்திலேயே இருக்கிறது.

கேள்வி: டிசிசி (ரயிலுக்குக் கரண்டையும் கட்டளையையும் தண்டவாளம் வழியே அனுப்பும் டிஜிட்டல் முறை) தண்டவாளத்திலேயே கரண்ட் இருக்கிறதே. டிஸ்ப்ளேக்கும் ராஸ்பெர்ரி பைக்கும் அங்கிருந்தே ஒயர் இழுத்தால் ஒரு அடாப்டர் மிச்சம்தானே?

ஒரு அடாப்டர் மிச்சம், ஒரு போர்டு நஷ்டம். டிசிசியில் துருவம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறிக்கொண்டிருக்கிறது, வோல்டேஜும் 5-ஐத் தாண்டி எங்கோ இருக்கிறது. பை 4-க்குத் தனியாக 5 வோல்ட், 3 ஆம்ப் அடாப்டர் வாங்குங்கள். செல்போன் சார்ஜரை வைத்துச் சமாளித்தால் திரை ஓரத்தில் மின்னல் குறி வரும். அது தியேட்டர் எஃபெக்ட் இல்லை, வோல்டேஜ் போதவில்லை என்ற எச்சரிக்கை.

கேள்வி: 512 ஜிபி மெமரி கார்டு மலிவாகக் கிடைத்தது. முதல் சில படங்கள் ஓடுகின்றன, மற்றவை திறக்கவே மாட்டேன் என்கின்றன. காப்பி செய்ததில் தப்பு செய்துவிட்டேனா? மகன் திட்டுகிறான்.

திட்ட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். நீங்கள் செய்த தப்பு எதுவும் இல்லை. உள்ளே சின்ன கொள்ளளவு சிப்பை வைத்து, கம்ப்யூட்டர் கேட்டால் "512" என்று பதில் சொல்லுமாறு அதைத் திருத்தி விற்கும் திருட்டு இது. நிஜ இடம் தீர்ந்த பிறகும் கார்டு வாங்கிக்கொள்வது போலவே நடிக்கும். பெயர் தெரியும், அளவு தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. எஃப்3 (F3), எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்று இலவச மென்பொருள்கள் உண்டு. கார்டு நிரம்பும்வரை எழுதி, திரும்பப் படித்து, எத்தனை நிஜம் என்று சொல்லிவிடும். அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். "வேறு கார்டு அனுப்புகிறோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வருவதும் அதன் தம்பியாகத்தான் இருக்கும்.

அந்தச் சின்னத் திரைக்கு அளவு குறைத்துப் பதிந்தால் இரண்டு மணி நேரப் படம் ஒரு ஜிபிக்குள் அடங்கும். நம்பகமான 32 ஜிபி போதும். இன்னொன்று, லேஅவுட்டின் மெயின் ஸ்விட்சைப் படாரென்று அணைக்காமல் ராஸ்பெர்ரி பையை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். என் நல்ல கார்டு இரண்டு அப்படித்தான் போயின.

கேள்வி: நாமே ஒட்டிக் கட்டும் டிரைவ்-இன் கிட் ஒன்று, குறைந்த எண்ணிக்கையில்தான் வரும் என்று முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கினார்கள். சொன்ன தேதி தாண்டிவிட்டது. கேட்டால் "அடுத்த மாதம்". தொந்தரவு செய்கிறேனோ என்று கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கிக்கு எழுதி, பொருள் வராததால் பணத்தைத் திருப்பித் தரக் கோருங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. "அடுத்த மாதம்" என்று இழுப்பவர்கள் பலர் அந்தக் கெடு முடியட்டும் என்றுதான் இழுக்கிறார்கள். முதலில் வாக்குறுதி கொடுத்த தேதி இருக்கும் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். நண்பருக்கு அனுப்புவது போல நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தால் வழி குறுகல். எழுத்தில் கெடு கொடுத்துவிட்டு, நுகர்வோர் புகாருக்குப் போக வேண்டும். நானும் ஒரு முறை முன்பணம் கட்டினேன், சிக்னல் கேபின் கிட்டுக்கு. கூச்சத்தில் கேட்காமலே விட்டேன். அந்த இடத்தில் இப்போது புல் ஒட்டியிருக்கிறேன்.

கேள்வி: திரைக்குக் கீழே வைத்த சின்ன ஸ்பீக்கர் தகர டப்பா மாதிரி கத்துகிறது. பெரிதாக வாங்கவா?

வாங்காதீர்கள். பின்பக்கம் காற்றுப் புகாமல் ஒரு சின்னப் பெட்டி செய்து மூடுங்கள். திறந்து கிடந்தால் முன்னால் போகும் ஒலியைப் பின்னால் வரும் ஒலி தின்றுவிடும்.

கேள்வி: நீங்கள் புலம்பிய அந்த புரொஜெக்டரை விற்பீர்களா?

விற்றால் குறைகளை எல்லாம் எழுதித்தான் விற்க வேண்டும். மேலே எழுதியிருக்கிறேன், படித்த பிறகும் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.