தங்கச்சிமடத்துத் தந்தைக்கு: பாடும் மகளும் சென்னை அழைப்பும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. 6 வயதில் பங்குக் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்த மகள், ஊர்த் திருவிழா மேடைகளில் பாடி, நாடகத்தில் நடித்து, போன ஆண்டு ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் சில சுற்றுகள் வரை முன்னேறியிருக்கிறாள். அதைப் பார்த்த ஒருவர் இப்போது தொடரில் நடிக்க அழைக்கிறார். அவளுக்கு 12 வயது. பள்ளியை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு சென்னைக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போக வேண்டாம். அவள் நடிக்கட்டும், பாடட்டும். அதற்கு நான் தடை சொல்லவில்லை. பள்ளியை நிறுத்துவதும் நீங்கள் படகு வேலையை விட்டு வீட்டைப் பெயர்ப்பதும்தான் வேண்டாம் என்கிறேன். நீங்கள் சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டு வேலை தேடத் தொடங்கும் நாளிலிருந்து அந்த வீட்டு அடுப்பு உங்கள் மகளின் கால்ஷீட்டை நம்பித்தான் எரியும். அதற்குப் பிறகு காய்ச்சல் என்றாலும், நடிக்கப் பிடிக்கவில்லை என்றாலும் அவளால் வாய் திறந்து சொல்ல முடியாது. விசைப்படகு கடலுக்குப் போனால் பத்திரமாகத் திரும்புமா, எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா என்ற அச்சத்தில் கழிகிற வாழ்க்கை உங்களுடையது. மகள் மூலமாவது நிலையான வருமானம் வராதா என்று நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் தொடர் நடிப்பு நிலையான வருமானம் அல்ல. ஊதியம் பெரும்பாலும் நாள் கணக்கில்தான். மாதத்தில் எத்தனை நாள் அழைப்பார்கள் என்பது கதையின் போக்கைப் பொறுத்தது. பார்வையாளர் குறைந்தால் கதை சில ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்கும். அப்போது சிறுமியின் பாத்திரத்தில் வளர்ந்த நடிகை ஒருவர் வந்துவிடுவார்.

சட்டம் உங்கள் மகளுக்கு என்ன பாதுகாப்பு தருகிறது என்பதை நீங்களும் வீட்டில் அம்மாவும் சேர்ந்து தெரிந்துகொள்ளுங்கள். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. 14 வயது நிறையாத குழந்தைகளை வேலைக்கு வைப்பதை அது தடுக்கிறது. குழந்தைக் கலைஞர்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு தருகிறது. அந்த நிபந்தனைகள் 2017-இல் வந்த விதிகளில் உள்ளன. நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. படிப்பு தடைபடாமல் பார்த்துக்கொள்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் ஈடுபடுத்தக் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் நிறுவனம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி 6 மாதங்களுக்குத்தான் செல்லும். உங்களை அழைத்தவரிடம், "ஆட்சியர் அனுமதியின் நகலைக் காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். முறையாகத் தொழில் செய்பவர் காட்டுவார். முகம் சுளித்தால் அந்த இடம் உங்கள் பிள்ளைக்கு ஏற்றதல்ல.

பணத்துக்கும் விதி இருக்கிறது. குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அவள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாக நேரடியாகச் செலுத்தப்பட வேண்டும். 18 வயதில் அவள் கைக்கு வரும். அமெரிக்காவில் சாப்ளினுடன் நடித்துப் புகழ்பெற்ற சிறுவன் ஜாக்கி கூகன், வளர்ந்த பிறகு தன் சம்பாத்தியம் பெரும்பகுதி கரைந்துபோனதைக் கண்டு 1938-இல் தன் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குப் போட நேர்ந்தது. அந்த வழக்கு எழுப்பிய பரபரப்பில்தான் 1939-இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களுக்கான சட்டம் வந்தது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் 20 சதவீதத்தோடு நிறுத்தாதீர்கள். அவள் படிப்புக்கும் பயிற்சிக்கும் போக மீதி எல்லாவற்றையும் அவள் கணக்கிலேயே போடுங்கள். படகுக் கடனை அதில் அடைக்க வேண்டாம்.

நீங்கள் கடிதத்தில் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தை நட்சத்திரங்களில் பலர் 13 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் திரையிலிருந்து காணாமல் போகிறார்கள். சிறுமி வேடத்துக்கு உயரம் கூடிவிடும், நாயகி வேடத்துக்கு வயது போதாது. யாரும் அழைக்காத அந்த ஆண்டுகளில் பிள்ளை என்ன செய்தாள் என்பதுதான் பிற்பாடு கணக்கில் வருகிறது. குட்டி பத்மினி 1960-களில் குழந்தை நட்சத்திரம். பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களின் தயாரிப்பாளராக நிலைபெற்றார். கேமராவுக்குப் பின்னால் நடக்கும் வேலையைக் கற்றதால் அது முடிந்தது. பாடகி சிவாங்கியை உங்கள் மகளுக்கே தெரிந்திருக்கும். 2009-இல் சிறுமியாக ஒரு படத்தில் பாடினார். தொலைக்காட்சியில் ஊரறிந்த முகமானது 2019-இல் பாட்டுப் போட்டிக்கு வந்த பிறகு. நகைச்சுவை நிகழ்ச்சி, திரைப்பட நடிப்பு எல்லாம் அதற்கும் பின்னால். இடையில் 10 ஆண்டுகள். பெற்றோர் இருவரும் கர்நாடக இசைக் கலைஞர்கள் என்பதால் சங்கீதம் அவருக்கு வீட்டிலேயே இருந்தது. உங்கள் வீட்டில் அது இல்லை. வெளியில் தேடிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு நம் மாவட்டத்திலேயே வழி இருக்கிறது. ராமநாதபுரத்தில் ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டும் நடனமும் ஓவியமும் சொல்லித் தருகிறது. முதலில் அங்கே சேருங்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளியும் ராமநாதபுரத்தில் இருக்கிறது. குரலிசை உள்ளிட்ட பிரிவுகளில் 3 ஆண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. அது பகல் வகுப்பு என்பதால் பள்ளிப் படிப்பு முடிந்த பின் யோசிக்கலாம். மத்திய அரசின் சிசிஆர்டி அமைப்பு, பள்ளியில் படித்துக்கொண்டே மரபுக் கலை கற்கும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறது. அவளுக்கு வயது இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவையும் தவறவிடக் கூடாது. பாம்பனில் மீனவர்களுக்காகவே நடக்கும் கடல் ஓசை சமுதாய வானொலி 2016 முதல் ஒலிக்கிறது. அங்கே பேசவும் பாடவும் வாய்ப்புக் கேட்டுப் பாருங்கள். மைக் முன்னால் மூச்சை அடக்கிப் பேசும் பழக்கம், நாளைக்கு டப்பிங் வேலைக்கும் உதவும்.

குரலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த வயதில் பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும். ஆண் பிள்ளைகளுக்குப் போல் திடீரென்று உடையாது. ஆனால் கொஞ்ச காலம் காற்றுக் கலந்தும் கரகரத்தும் கேட்கும், மேல் ஸ்தாயி எட்டாது. போட்டிக்காகப் பழைய சுருதியிலேயே கத்திப் பாட வைத்தால் தொண்டை கெடும். சுருதியைக் குறைத்துப் பாடச் சொல்லுங்கள். கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தக் காலத்தில் எந்த நடுவராவது "குரல் போய்விட்டது" என்று சொன்னால் அவள் உடைந்துபோகாமல் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

12-ஆம் வகுப்பு முடித்தால் கதவுகள் பெரிதாகத் திறக்கும். மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர் அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கம், ஒலிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் பட்டப் படிப்பாகவே கிடைக்கின்றன. நன்றாகப் பாடத் தெரிந்த ஒருத்தி ஒலிப்பதிவும் கற்றுக்கொண்டால், அழைப்புக்காகக் காத்திருக்கும் நிலை பாதியாகக் குறையும். இது என் உறுதியான நம்பிக்கை.

இப்போதைய அழைப்புக்கு வருகிறேன். பதிவுக் கட்டணம், புகைப்பட ஆல்பம், பயிற்சி முகாம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது ஏமாற்று. நடிப்பவருக்கு நிறுவனம் பணம் கொடுக்கும், நடிப்பவரிடம் வாங்காது. ஏற்கெனவே இணையவழியில் கொடுத்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஆடிஷனுக்கு அவளைத் தனியாக அறைக்குள் அழைத்தால் அனுப்பாதீர்கள். மனத்துக்குச் சங்கடமான எதுவும் நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

அழைப்பு உண்மையானது என்று தெரிந்தால் இப்படிக் கேளுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். உங்களுக்குக் கடல் வேலை இல்லை. அதில் பெரும்பகுதி அவளுக்குப் பள்ளி விடுமுறை. "என் மகளின் காட்சிகளை அந்த வாரங்களில் வைத்துக்கொள்ள முடியுமா, நான் கூடவே இருப்பேன்" என்று சொல்லுங்கள். ஒரு கோடைக்காலம் முழுவதும் தொடரில் வேலை செய்து பார்த்தால் இது பிடிக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரிந்துவிடும். இரவு ரயிலில் போய் மறுநாள் படப்பிடிப்பில் நின்றால் களைத்துப்போவாள். ஒரு நாள் முன்னதாகவே சென்றுவிடுங்கள். தினமும் வர வேண்டும், பள்ளியை விட வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால் இந்த வாய்ப்பு போகட்டும்.

ஒப்பந்தத் தாள் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் கேளுங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு வேறு எங்கும் நடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது, பாட்டின் உரிமை யாருக்கு, இடையில் விலகினால் அபராதம் உண்டா என்ற மூன்றையும் பாருங்கள். ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறது. தாளை அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். என்னைப் பார்க்க வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். அவளிடம் நான் தனியாகக் கொஞ்ச நேரம் பேச வேண்டும். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை.