கவுன்சலிங் நேரில் போக வேண்டுமா, ஆன்லைனில் போதுமா? உள்ளே என்னதான் பேசுவார்கள்?

மதுரையில் பதினோரு வருடமாகக் கவுன்சலராக இருக்கிறேன். ஆன்லைன் கவுன்சலிங் என்றால் ஒரு காலத்தில் எனக்கே இளக்காரம்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வேறு வழியில்லாமல் வீடியோ காலுக்கு மாறினேன். இன்றைக்கு என்னிடம் பேசுபவர்களில் பாதிப் பேர் ஆன்லைன்தான்.

வீடியோவில் என் முதல் கேள்வி பிரச்சினையைப் பற்றி இருக்காது. "எங்க உக்காந்திருக்கீங்க? பக்கத்து ரூம்ல யாரு இருக்காங்க?" என்றுதான் கேட்பேன். நெட் போனால் திரும்ப வந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காது இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நம் வீடுகளில் ஐம்பது நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலே "யார்கிட்ட இவ்வளவு நேரம்?" என்று கேள்வி வந்துவிடும்.

ஒரு பெண் (விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்) மாமியார் தாளிக்கிற சத்தம் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் நல்லாத்தான் போகுது மேடம்" என்று அரைமணி நேரத்தை ஓட்டினார். அடுத்த வாரம் துணி எடுக்கிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பேசினார். கொடியில் கிடந்த போர்வை காற்றில் வந்து முகத்தை மறைக்க, அதை ஒரு கையால் தள்ளிவிட்டுக்கொண்டே அழுதார். எங்களுக்கு முதல் செஷன் என்று நான் கணக்கில் வைத்திருப்பது அதைத்தான்.

என் பக்கமும் சொதப்பல் உண்டு. ஒருவர் பேச்சை நிறுத்தியதும் அழுகையை அடக்குகிறார் என்று நினைத்து நானும் பேசாமல் காத்திருந்தேன். நேரில் அதுதான் முறை, மௌனத்தைக் கலைக்கக் கூடாது. ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, நெட் நின்றிருக்கிறது. அப்பாவின் சாவைப் பற்றி அவர் அத்தனை நேரமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்வது எவ்வளவு கொடுமை! அன்றிலிருந்து, பத்து நொடிக்கு மேல் அமைதி என்றால் "கேக்குதா?" என்று கேட்டுவிடுகிறேன்.

நேரில் வந்தால் முழு ஆளும் தெரிவார். முகம் சிரிக்கும், மேசைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். கிளம்பும்போது கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "இன்னொன்னு சொல்லணும் மேடம்" என்பார்கள். வந்ததே அதற்காகத்தான். ஆன்லைனில் அந்தக் கதவு கிடையாது என்பதால், நாற்பதாவது நிமிடம் "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்று நானே சொல்லிவிடுவேன். பஸ்ஸில் வீடு திரும்புகிற நேரம் மனசு ஆற உதவும். வீடியோ கால் முடிந்த அடுத்த நொடி "சாப்பிட வா" என்று குரல் வரும். அதனால் பேசி முடித்ததும் தெருவில் பத்து நிமிடம் நடக்கச் சொல்கிறேன்.

என்ன பேசுவோம் என்று கேட்டிருக்கிறீர்கள். அறிவுரை சொல்ல உங்கள் சித்தப்பாவே போதும். நான் முதல் நாளில் தூக்கம், சாப்பாடு, ஏற்கெனவே எடுக்கும் மாத்திரை, யார் அனுப்பினார்கள் என்பதையெல்லாம் கேட்பேன். கட்டாயத்தில் வந்தவருக்கும் தானாக வந்தவருக்கும் நான் தொடங்கும் விதமே வேறு. பிறகு ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடுவேன். நீங்கள் சொல்வது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இன்னொருவரிடம் சொல்வேன். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், 2012 போக்சோ சட்டப்படி நான் புகார் சொல்லியே ஆகவேண்டும். பீஸ் கட்டுகிற அம்மா போன் பண்ணி "எம்புள்ள என்ன சொன்னான்?" என்று கேட்டால், இருபத்திரண்டு வயதுப் பையனின் பேச்சை என்னால் தர முடியாது. இதில் எனக்குப் பகையானவர்கள் அதிகம்.

மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர், நான் இல்லை. காதில் குரல் கேட்கிறது என்பவரை ஆன்லைனில் வைத்துக்கொண்டிருக்க மாட்டேன், நேராக மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். ஆன்லைனில் சேருகிற யாராக இருந்தாலும் இருக்குமிட முகவரியும் நம்பிக்கையான ஒருவரின் எண்ணும் வாங்கிக்கொள்வேன். கொடைக்கானலில் ஒருவர் விபரீதமாகப் பேசினால் மதுரையிலிருந்து நான் ஓட முடியாதே. இரவு இரண்டு மணிக்கு உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் என்னைத் தேட வேண்டாம், 14416க்கு அடியுங்கள். அது மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

யாரிடம் போனாலும் என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதுகலை முடித்து வருடக்கணக்கில் பயின்றவரும், சில வாரச் சான்றிதழ் வாங்கியவரும் "கவுன்சலர்" என்று ஒரே பலகையைத்தான் மாட்டியிருக்கிறார்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

முடிந்தால் முதல் இரண்டு முறை நேரில் போங்கள், பிறகு ஆன்லைனுக்கு மாறலாம். ஊர் தூரம் என்றால் முதலிலிருந்தே வீடியோவில் பேசலாம். ஹெட்போன் மட்டும் கட்டாயம், வீட்டில் இடம் இல்லையென்றால் மொட்டை மாடி இருக்கிறது.